மூடியைத் திறந்தே வையுங்கள்

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பதைத்தான். கூப்பிட்டவருக்கு அது வேண்டாத கேள்வியாகப் படும். "எது வாசிச்சா என்ன சார், எல்லாக் கட்டையும் ஒழுங்கா பேசினா போதாதா?" என்பார். போதாது. ஷோபானை மட்டும் வாசிக்கும் தனிக் கச்சேரிக்கு ஒரு தயாரிப்பு. கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிப்பதற்கு இன்னொன்று. பியானோவின் வளைவில் ஒருவர் வயலினோடு வந்து நின்று ஷூமான், பிராம்ஸ், ஃபிராங்க் என்று ஒரு மாலை முழுக்க வாசிக்கப்போகிறார் என்றால் அதற்கு முற்றிலும் வேறு. நான் சென்னையில் பியானோ டியூனர். இந்த மூன்றாவது வகைக் கச்சேரி இங்கே அடிக்கடி நடப்பதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். நான் அதிகம் சண்டை போட்டிருப்பதும் அதற்காகத்தான்.

சண்டை பெரும்பாலும் மூடியைப் பற்றி. கிராண்ட் பியானோவின் மூடியை மூன்று விதமாக வைக்கலாம்: முழுதாக மூடி, குட்டைக் கோலில் சற்றே தூக்கி, நீளக் கோலில் முழுதாகத் திறந்து. வயலின் கச்சேரி என்றதும் மண்டபத்துக்காரர், ஏற்பாடு செய்தவர், வயலின்காரரின் குரு என்று ஆளுக்கு ஆள் வந்து, "மூடிடுங்க சார், வயலின் கேக்காது" என்பார்கள். நம் ஊரில் ஒருவர் பாடகர், மற்றவர் பக்கவாத்தியம் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். மேடை நடுவில் நிற்பவர் வயலின்காரர். ஆகவே உட்கார்ந்திருப்பவர் அடங்கிப் போகவேண்டும் என்பது கணக்கு. பியானோவும் வயலினும் சேர்ந்து வாசிக்கும் இந்தச் சொனாட்டாக்களில் அந்தக் கணக்கு செல்லாது. மொசார்ட் 1781-ல் வியன்னாவில் வெளியிட்ட ஆறு சொனாட்டாக்களின் முகப்பில், பியானோவுக்கானவை, வயலின் துணையோடு என்றுதான் இருந்தது. நூறு வருடம் கழித்து பிராம்ஸ் தன் மூன்று சொனாட்டாக்களுக்கும் பியானோவுக்கும் வயலினுக்கும் என்றே தலைப்பிட்டார். அதில் பியானோவின் பெயர்தான் முதலில். எழுதியவர்களும் பியானோக்காரர்கள். தங்கள் கைக்கு வேண்டியதை அவர்கள் குறைத்து எழுதவில்லை.

மூடினால் சத்தம் குறையும் என்பது பாதிதான் உண்மை. மேல் ஸ்தாயியின் தெளிவு மூடிக்குள்ளேயே நின்றுவிடும். கீழ் ஸ்தாயியோ சவுண்ட்போர்டு என்ற ஒலிப்பலகையின் அடிப்புறம் வழியாக வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். விளைவு, வார்த்தை புரியாத முணுமுணுப்பு. பியானோக்காரருக்குத் தன் வாசிப்பே சரியாகக் கேட்காது. இன்னும் அழுத்தி அடிப்பார். வயலினுக்கு இடைஞ்சலாக இருந்தது கீழ் ஸ்தாயி. அதை அப்படியே விட்டுவிட்டு, வயலினுக்குத் துணையாக இருந்த மேல் ஸ்தாயியை அடைத்துவிட்டோம். இங்கிலாந்தின் ஜெரால்ட் மூர், வாழ்நாள் முழுக்கப் பாடகர்களுக்கும் வயலின்காரர்களுக்கும் பியானோ வாசித்தவர், 1962-ல் வந்த தன் நினைவுநூலுக்கு 'நான் ரொம்பச் சத்தமாக வாசிக்கிறேனா?' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அந்தக் கேள்வியைப் பியானோக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதிலில் பாதி டியூனர் கையில் இருப்பது பலருக்குத் தெரியாது.

சத்தம் மிஞ்சினால் நான் பார்ப்பது ஹேமரை. மரத்தின் மேல் இறுக்கிச் சுற்றிய கம்பளி ஃபெல்ட்தான் ஹேமர். வருடக்கணக்கில் எஃகுக் கம்பியில் அடிபட்டு, மூக்கில் மூன்று தடம் விழுந்து, அந்த இடம் கட்டியாகிவிடும். அதன் பிறகு மெதுவாகத் தொட்டாலும் கண்ணாடி கீறுவது மாதிரி ஒலிக்கும். அதற்கு உப்புத்தாளால் தடத்தைத் தேய்த்து எடுத்து, பிறகு மூன்று ஊசி பொருத்திய ஒரு கைப்பிடியால் ஃபெல்ட்டின் தோளில் குத்தவேண்டும். வாய்ஸிங் என்போம். குத்தக் குத்த ஒலி உருண்டு வரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை; ஒரு குத்து கூடிப்போனால் அந்தக் கட்டை பஞ்சுமூட்டையாகிவிடும், சுலபத்தில் திரும்பாது. வயலின் கச்சேரிக்கு நான் அதிக நேரம் செலவிடுவது நடு ஸியிலிருந்து மேலே இரண்டு ஸ்தாயி. வயலின் பாடும் இடம் அதுதான். அங்கே பியானோவின் முனைப்பு குறைந்து வட்டமாக ஒலித்தால், மூடி முழுதாகத் திறந்திருந்தாலும் வயலின் மேலே மிதக்கும்.

எல்லாப் பழியையும் ஹேமர் மேல் போடவும் முடியாது. பிராம்ஸின் வியன்னா வீட்டில் இருந்தது ஷ்ட்ரைஷர் கம்பெனி 1868-ல் செய்த பியானோ. அதில் கம்பிகள் எல்லாம் ஒரே திசையில் நேராக ஓடும். இன்றைய பியானோவில் கீழ்க்கம்பிகள் மற்றவற்றின் மேல் குறுக்கே போகின்றன. அந்த அமைப்பைக் கிராண்டில் கொண்டுவர ஸ்டைன்வே 1859-ல் உரிமம் பெற்றார்கள். குறுக்குக் கம்பியால் கீழ் ஸ்தாயிக்குப் பெரிய உடம்பு வந்தது. பிராம்ஸ் இடது கைக்குக் கீழே நெருக்கமான ஸ்வரக்கூட்டங்களை எழுதிக்கொண்டே போவார். அவர் பியானோவில் அவை தனித்தனியாகக் கேட்டிருக்கும். நம் பியானோவில் களியாகிவிடும். இதற்கு மருந்து என்னிடம் இல்லை, வாசிப்பவரின் இடது கையிலும் வலது பாதத்திலும்தான் இருக்கிறது. பியானோக்காரர் ஒத்திகையின் முதல் ஐந்து நிமிடத்தில் பெடலை எவ்வளவு மேலே எடுக்கிறார் என்று பார்த்தே அவரை எடைபோட்டுவிடுவேன்.

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். பியானோவில் சுமார் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுவை கிட்டத்தட்ட 20 டன். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ-இந்தியர். மாஸ்டர் என்போம். "டியூனிங் பின் மரத்துக்குள்ள திரும்பணும் மேன்! மேலே முறுக்கிட்டு வந்தா, பாட்டு முடியறதுக்குள்ள கழண்டு வரும்" என்று மணிக்கட்டில் தட்டுவார். முதல் வருடம் முழுக்க அவர் என்னைச் செய்யவிட்டது ஒன்றே ஒன்று: ஒரே கட்டைக்கு உரிய மூன்று கம்பிகளையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது. இரண்டு கம்பிகள் சற்றே விலகியிருந்தால் ஒலி வாவ்-வாவ் என்று அலையும். பள்ளிக்கூட இயற்பியலில் விம்மல் என்று படித்தது இதைத்தான். அலை மெதுவாகி, மெதுவாகி, நின்றால் சேர்ந்துவிட்டது.

அடுத்த பாடம்தான் எனக்கு அதிர்ச்சி. சில அலைகளை நிற்கவிடக்கூடாது என்றார். பியானோவில் 12 சுரத்தானங்களையும் சமமாகப் பங்கிட்டிருக்கிறோம். அதனால் எந்த ஸ்வரத்தில் தொடங்கினாலும் வாசிக்கலாம். ஆனால் ஒரு ஸ்தாயியைத் தவிர எந்த இடைவெளியும் முழுச் சுத்தமில்லை. நடு ஸிக்குக் கீழே இருக்கும் எஃப்பையும் ஏயையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்கு ஏறக்குறைய 7 அலை வரவேண்டும். அப்படி வந்தால்தான் சரி. நல்ல தம்புராவை மீட்டினால் யாரும் வைக்காமலே ஓர் அந்தர காந்தாரம் எழுந்து கேட்குமே, பியானோவின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் கூடுதல். சென்ட் என்பது ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு. சபாக் கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் பல காலம் அப்படித்தான் இருந்தது.

இப்போது வயலினை இதன் பக்கத்தில் நிறுத்துங்கள். மேற்கத்திய வயலினில் ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு தந்தி. அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே ஸ-ப உறவு. வயலின்காரர் அதைச் சுத்தமாகவே சேர்ப்பார்; அலையே இருக்காது. பியானோவின் ஸ-ப ஒவ்வொன்றும் 2 சென்ட் குறுகல். ஏயில் இருவரும் சேர்ந்துவிட்டாலும், வயலினின் ஜி என்னுடைய ஜியைவிட 4 சென்ட் இறங்கியிருக்கும்; ஈ 2 சென்ட் ஏறியிருக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் பிராம்ஸில் பியானோ ஜி மேஜரை அழுத்திப் பிடித்திருக்க, வயலின் திறந்த ஜி தந்தியை இழுத்தால் காது கண்டுகொள்ளும். அதனால்தான் அனுபவப்பட்ட பியானோக்காரர்கள் மேடையில் ஒற்றை ஏயை மட்டும் தட்டிவிட்டு உட்காருவதில்லை. டி, எஃப், ஏ மூன்றையும் சேர்த்து டி மைனராகக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் தன் தந்திகளைப் பொருத்திப் பார்த்து, கீழ்த்தந்திகளை ஒரு மயிரிழை ஏற்றிக்கொள்வார் வயலின்காரர். பிறகு விரல் வைத்து வாசிக்கும் ஸ்வரங்களையெல்லாம் அந்தந்தக் கணத்தில் அவரே பார்த்துக்கொள்வார். அடித்த ஸ்வரத்தைப் பியானோவால் அசைக்க முடியாது. வளர்க்கவும் முடியாது, தேய்வதைத்தான் கேட்கலாம். வயலினோ வில்லை இழுக்க இழுக்க அதைப் பெரிதாக்கும். இந்த இரண்டு சுபாவங்களையும் எதிரெதிரே வைத்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் எழுதினார்கள்.

மேல் ஸ்தாயியில் எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கம்பி கெட்டியானது என்பதால் அதன் மேல் ஒலிகள் கணக்குக்குக் கொஞ்சம் மேலேயே பிறக்கும். ஆகவே உச்சக் கட்டைகளைச் சற்று ஏற்றி வைப்பது டியூனர்களின் வழக்கம். தனிக் கச்சேரிக்கு அது மினுங்கும். வயலின் இருந்தால் நான் அந்த ஏற்றத்தைக் குறைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் ஈ தந்தியின் உச்சியில் வாசிப்பவர் என்னைத் துரத்திக்கொண்டு மேலே மேலே போவார். வேறு டியூனர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை.

440-ஆ, 442-ஆ என்ற வழக்கும் ஒன்று உண்டு. ஐரோப்பாவிலிருந்து வரும் வயலின்காரர்களில் பலர் 442 கேட்பார்கள். இங்கே பியானோக்கள் 440-ல் இருக்கும். கிட்டத்தட்ட 8 சென்ட் வித்தியாசம். கச்சேரி நாளன்று அத்தனை கம்பியையும் ஏற்றினால் எதுவும் நிற்காது. ஒன்றை ஏற்ற ஏற்ற முன்னால் ஏற்றியது இறங்கும். சில நாள் முன்னாலேயே சொன்னால் செய்வேன். சொல்லாவிட்டால், "வயலின்ல நாலு தந்திதான் சார், நீங்க இறக்கிக்கிட்டா நல்லது" என்பேன். பெரும்பாலும் சிரித்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வழக்கே வராது. அடைமழையின் ஈரத்தில் சவுண்ட்போர்டு ஊதி, நடு ஸ்தாயி யாரும் கேட்காமலே ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஈரம்தான் இந்த ஊரில் என் முதலாளி. வெள்ளைக்காரர் காலத்துப் பியானோக்கள் சிலவற்றைத் திறந்தால், ஒட்டுப் போட்ட இடங்களிலெல்லாம் திருகாணியும் போட்டிருப்பார்கள், வெப்பநாடுகளுக்கென்றே செய்தவை. பசை விட்டாலும் மரம் விடாது. வீடுகளில் இன்றும் நிற்கும் பியானோவுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிடுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல பழக்கம், எலியும் வராது. எலிக்கு ஃபெல்ட் என்றால் உயிர். மண்டபங்களில் பிரச்சினை வேறு மாதிரி. நாள் முழுக்க வெக்கையில் கிடக்கும் பியானோவை நான் சுருதி சேர்த்துவிட்டுப் போவேன். கச்சேரிக்கு அரை மணி முன்னால் ஏசியைப் போடுவார்கள். குளிர் பட்டதும் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். பிறகு பலகையின் ஈரம் வடிய வடிய இறங்கும். நடுவில் மேடை விளக்கின் சூடு வேறு. ஒரு மண்டபத்தில், காலையிலிருந்தே ஏசி ஓடவேண்டும் என்று கேட்டதற்கு, பில்லை நான் கட்டுகிறேனா என்று மேலாளர் கேட்டார். பாதியைக் கட்டினேன். சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேடையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வேலை பார்த்தேன்.

சுருதியெல்லாம் சேர்த்த பிறகு நிகழ்ச்சிநிரலை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தந்த உருப்படிக்கு வேண்டிய கட்டைகளை மட்டும் தனியாகப் பார்ப்பேன். ஷூமான் 1851-ல் டுஸல்டார்ஃபில் எழுதிய ஏ மைனர் சொனாட்டா தொடங்கும்போதே வயலின் கீழ் ஜி தந்தியில் இருக்கும். பியானோ அதே உயரத்தில் புரண்டுகொண்டிருக்கும். மறுவருடம் லைப்ஸிக்கில் அதை முதலில் மேடையேற்றியவர்கள் பியானோவில் அவர் மனைவி கிளாரா ஷூமானும் வயலினில் ஃபெர்டினாண்ட் டேவிடும். கிளாரா அந்த நெரிசலை எப்படிப் பிரித்து வாசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். என்னால் ஆனது, நடு ஸியை ஒட்டிய கட்டைகளில் ஒன்றுகூடத் துருத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது.

பிராம்ஸின் ஜி மேஜர், 1879-ல் முடித்தது, என் மனத்துக்கு மிக நெருக்கமானது. கடைசிப் பகுதியில் அவருடைய சொந்தப் பாடல் ஒன்று, மழையைப் பற்றியது, வயலினில் திரும்ப வரும். பியானோ அடியில் ஓயாமல் தூறிக்கொண்டிருக்கும். அந்தத் தூறல் மிக மெல்லியதாகவும் சீராகவும் விழவேண்டும். ஒரு கட்டையின் ஹேமர் கம்பிக்கு அரை மில்லிமீட்டர் முன்னதாக விடுபட்டால் அந்தத் துளி மட்டும் காணாமல் போகும். அதனால் அந்த ஒரு பகுதிக்காகவே நடுக்கட்டைகளை ஒவ்வொன்றாக, மூச்சு விடும் அளவுக்கு மெதுவாக அழுத்திப் பார்த்து, விடுபடும் இடத்தைச் சரிசெய்வேன். இடைப்பகுதி ஈ ஃபிளாட்டில், பியானோ தனியாகத் தொடங்கும். கிளாராவின் மகனும் பிராம்ஸின் ஞானமகனுமான ஃபெலிக்ஸ் காசநோயில் கிடந்தபோது அதன் தொடக்கத்தைப் பிராம்ஸ் கிளாராவுக்கு எழுதி அனுப்பினார். 1879 பிப்ரவரியில் அந்தப் பையன் இறந்துபோனான். 24 வயது.

அதே பிராம்ஸின் டி மைனரில் என் கவலை ஒரே ஒரு கட்டை. முதல் பகுதியின் நடுவே 46 பார் தொடர்ந்து, இசை எங்கெங்கோ அலைந்தாலும், பியானோவின் அடியில் ஏ அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஏயின் கம்பியில் துருவோ முறுக்குத் தளர்வோ இருந்தால் அதை ஒளிக்க இடமே இல்லை. ஒருமுறை அந்தக் கம்பியைக் கச்சேரிக்கு முந்தின நாள் மாற்றினேன். புதுக்கம்பி இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் இடைவேளையிலும் மேடையேறி முடுக்கினேன். முதல் வரிசைப் பாட்டி ஒருவர், "தம்பியும் வாசிப்பீங்களா?" என்று கேட்டார்.

ஃபிராங்கின் சொனாட்டா பியானோக்காரரைப் பிழிந்துவிடும். பாரிஸில் ஆர்கன் வாசித்தவர், விரல் நீளம். எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறார் போல. வயலின்காரர் இசாயியின் கல்யாணத்துக்குப் பரிசாக 1886 செப்டம்பரில் கொடுத்தார். அதே வருடம் டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஓவியக் காட்சிக்கூடத்தில் அது முதன்முதலாகப் பொதுமேடை ஏறியது. மாலை இருட்டிவிட்டது, ஓவியங்களுக்காக அங்கே விளக்கேற்ற அனுமதி இல்லை. இசாயியும் பியானோ வாசித்த லியோந்தீன் போர்த்-பேனும் மீதியை இருட்டிலேயே, மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் இசாயியைத்தான் புகழ்வார்கள். இரண்டாம் பகுதியில் பியானோ எத்தனை ஸ்வரம் வாசிக்கிறது என்று பாருங்கள். என் ஓட்டு அந்த அம்மாளுக்கே.

கச்சேரி தொடங்கிய பின் நான் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நிற்பேன். ஒரு பகுதி முடிந்ததும் நம் ஜனங்கள் கைதட்டுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் திரும்பி முறைப்பார்கள். எனக்கு அந்தக் கைதட்டலில் ஆட்சேபம் இல்லை. பிராம்ஸ் காலத்தில் எல்லோரும் தட்டினார்கள். அதோடு, வியர்வையில் இறங்கிய தந்தியை வயலின்காரர் யாருக்கும் தெரியாமல் முறுக்கிக்கொள்ள அந்தச் சத்தம் வசதி.

எங்கே உட்கார்ந்து கேட்பது என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. கூட்டம் எப்போதும் இடப்பக்கம் ஓடும், பியானோக்காரரின் விரல் தெரியும் என்று. மூடி திறப்பதோ வலப்பக்கம். அங்கே, மேடையிலிருந்து ஏழெட்டு வரிசை தள்ளி உட்காருங்கள். பியானோ மூடியில் பட்டு நேராக உங்களிடம் வரும், வயலினின் முகமும் சபையைப் பார்த்தே இருக்கும். மூடி குட்டைக் கோலில் இருந்தால் இடைவேளையில் என்னிடம் வந்து சொல்லுங்கள். பியானோக்காரர் சம்மதித்தால் அப்போதே மாற்றிவிடலாம், ஒரு நிமிட வேலை.